டயல் டோனுக்குள் போன கூப்பாடு

“மேடம், இந்த ஹாட்லைன யாருமே யூஸ் பண்றதில்ல. எடுத்துடலாம்ல?”

போன மாதம் கவிதா எனக்கு வாட்ஸ்அப்பில் இப்படி எழுதியிருந்தாள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையில் முப்பத்து நான்கு வருஷம் நான் டெலிபோன் பார்த்தேன். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். பழைய டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்டர்நெட்டில் ஓடும் போன் போடப் போகிறார்களாம். புதுசு விற்பவர்கள் வசதிகளின் பட்டியல் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று டிக் அடித்துத் தர வேண்டும். பதினேழாவது வரியில் ஹாட்லைன் என்று இருந்தது. அதற்கு நேராக யாரோ ‘தேவையில்லை’ என்று எழுதியிருந்தார்கள்.

எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. உடனே அவளுக்குப் போன் போட்டேன். “எடுத்துடும்மா, நல்லா எடுத்துடு. எடுத்துட்டு நேரா முனுசாமி அண்ணன் ஊட்டுக்குப் போய், எடுத்துட்டோம்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடு” என்று கத்தினேன்.

“யாரு மேடம் முனுசாமி?” என்றாள்.

அவள்மேல் தப்பில்லை. அவள் வேலைக்கு வந்ததே எல்லாம் முடிந்த பிறகுதான். “திட்டாதீங்க மேடம். இன்னா நடந்துச்சோ அத்த எழுதிக் குடுங்க, நான் மேல காட்டறேன்” என்றாள். அதனால் எழுதுகிறேன். அந்தப் பதினேழாவது வரி இல்லாததால் ஒருவன் கண் போனது. இன்னொருவர் வேலை போக இருந்தது. கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆற வைத்து எழுத எனக்குத் தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்தது கையால் இணைக்கும் போர்டு. சென்னையில் ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். ‘குரலை உயர்த்தாதே, எதிர்த்துப் பேசாதே, காதில் விழுந்ததை வெளியில் சொல்லாதே’ என்று சொன்னார்கள். மூன்றாவதைத் தவிர எதையும் நான் கடைப்பிடித்ததில்லை. அந்தப் போர்டில் ஒவ்வொரு போனுக்கும் ஒரு சின்ன விளக்கு. ஷெட்டில் எவராவது ரிசீவரைத் தூக்கினால் இங்கே விளக்கு எரியும். நான் அதற்கு நேரான ஓட்டையில் வயரைச் சொருகிப் பேசுவேன். அவர்கள் எந்த நம்பரும் சுழற்ற வேண்டியதில்லை. ஷெட் போன்களில் சுழற்ற டயலே கிடையாது. தூக்கினால் நான் இருப்பேன்.

“போர்டு, டைம் ஆபீஸ் குடு.”

“போர்டக்கா, கேன்டீன்ல நாஷ்டா முடிஞ்சிடுச்சா கேளு.”

என் பெயர் சரோஜா என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர்கள்கூட போர்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் திருப்பி அண்ணே என்பேன். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. ஆரம்பாக்கம், எளாவூர் பக்கத்திலிருந்து வந்த ஆட்கள்தான் அதிகம். அப்பன் காலம்வரை அடுத்தவன் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பங்கள். அவர்களுக்கு போன் என்றால் தூக்கியதும் போர்டக்கா பேசுவாள், அவ்வளவுதான். பதினைந்து இருபது வருஷம் கை அப்படிப் பழகிவிட்டது.

பிறகு டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வந்தது. பொய் சொல்லக் கூடாது, எனக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. பீரோ அளவுக்கு ஒரு பெட்டி, அதற்கென்று ஒரு ஏசி அறை. என் மேஜையில் பழைய போர்டுக்குப் பதிலாக கன்சோல் என்று ஒரு சின்ன மெஷின். பெட்டிக்குள் புத்தகம் அடுக்கிய மாதிரி வரிசையாக அட்டைகள். ஓர் அட்டையில் பதினாறு போன். ஒருவர் போனை இன்னொருவர் தன் மேஜையிலிருந்தே எடுக்கலாம். எங்கே போனாலும் அழைப்பு பின்னாலேயே வரும்படி செய்யலாம். லைன் பிஸியாக இருந்தால் காலியானதும் அதுவே கூப்பிடும். யார் எஸ்.டி.டி. பேசலாம், யார் பேசக் கூடாது என்று ஒவ்வொரு போனுக்கும் ஒரு தகுதி போட்டு வைக்கலாம். எந்தப் போனிலிருந்து எந்த நம்பருக்கு எத்தனை நிமிஷம் என்று பிரிண்டரில் வரிவரியாக வந்து விழும். மாட்டிக் கொடுத்த இன்ஜினியர் பத்து நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து புரோகிராம் போடச் சொல்லிக் கொடுத்தார். பாஸ்வேர்டையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

புரோகிராம் போடுமுன் ஒரு பெரிய தாள் நிரப்ப வேண்டும். டேட்டா ஷீட் என்பார்கள். ஒரு போனுக்கு ஒரு வரி. நம்பர், இடம், தகுதி, எந்தக் குழு, ஹாட்லைன் உண்டா இல்லையா. ஹாட்லைன் என்றால் ரிசீவரைத் தூக்கி நாலு நொடி எந்த நம்பரும் அழுத்தாவிட்டால், நாம் எழுதி வைத்த ஓர் இடத்தில் தானாக மணி அடிக்கும். நம்பர் தெரிந்தவர்கள் நாலு நொடிக்குள் அழுத்திக்கொள்ளலாம், அவர்களுக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஷெட்டுகளில் பதினோரு போன். பதினொன்றுக்கும் ஹாட்லைன் ‘உண்டு’, அடிக்க வேண்டிய இடம் ‘ஆபரேட்டர்’ என்று எழுதி நிர்வாக மேலாளரிடம் கொண்டுபோனேன்.

அவர் பெயர் பத்மநாபன். குரலை உயர்த்திப் பேசியே நான் கேட்டதில்லை. எதிரில் நிற்பவரை நிமிர்ந்து பார்க்கவும் மாட்டார். கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். அதை நன்றாகச் சீவி, நுனியைப் பார்த்துவிட்டு, பிறகுதான் தாளைத் தொடுவார். நான் நின்றுகொண்டிருக்க, ஒவ்வொரு வரியாக ஸ்கேல் வைத்துப் படித்தார். ஷெட் போன்கள் வந்ததும் ஸ்கேல் நின்றது.

“இது எதுக்கு?”

“சார், அவங்களுக்கு தூக்கிப் பேசித்தான் பழக்கம். நம்பர் போட வராது. டயல் டோன் வந்தா இன்னா பண்றதுன்னு தெரியாது சார்.”

“கத்துக்கட்டும். நைன் அழுத்தினா ஆபரேட்டர். ஒரு டிஜிட். குழந்தைகூட அழுத்தும்.”

“ஒரு அவசரம்னா சார்…”

“ரிசீவர சரியா வைக்க மாட்டான். உங்க கன்சோல்ல நாள்பூரா மணி அடிக்கும். இல்லன்னா சும்மா தூக்கி உங்ககூட அரட்டை அடிப்பான். லேபர் கையில இவ்ளோ ஃபெசிலிட்டி குடுக்கக் கூடாது சரோஜா. மிஸ்யூஸ் ஆகும்.”

பதினோரு கட்டத்தையும் ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் ‘நாட் ரிக்வயர்ட்’ என்று எழுதினார். அதோடு விட்டாரா? ஸ்கேலை மேலே நகர்த்தித் தன்னுடைய போன் வரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஹாட்லைன் கட்டத்தில் அழகாக ‘யெஸ்’ என்று எழுதி, அடிக்க வேண்டிய இடம் ‘பேன்ட்ரி’ என்று போட்டார். அவருக்கு டீ வேண்டும். ரிசீவரைத் தூக்கி நாலு நொடி சும்மா இருந்தால் போதும், டீ வரும். அந்தக் கையால் ஒரு டிஜிட் அழுத்த முடியாதாம்!

நான் என்ன செய்தேன்? “சரி சார்” என்றேன். வாயில் கொழுக்கட்டையா இருந்தது எனக்கு? அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வந்து, அவர் போனுக்கு ஹாட்லைன் போட்டேன். நானேதான் போட்டேன்.

ஷெட்டுகளில் எல்லோருக்கும் ஒரு மணி நேரம் போன் பழக்கிக் கொடுப்பதாகத் திட்டத்தில் எழுதியிருந்தார்கள். உற்பத்தி நிற்கும் என்று சொல்லி அதை விட்டுவிட்டு, இங்கிலீஷில் ஒரு சர்க்குலர் அடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். முதல் வாரமே என் ஜன்னலுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

“இன்னாக்கா, போன்ல கொய்ய்ய்ங்னு கத்துது. நீ எங்க போய்க்கினே?”

“அதுல ஒன்பது அழுத்துண்ணே, நான் வருவேன்.”

“நான் போர்டு போர்டுன்னு கூவிக்கினே கீறேன், நீ ஒன்பதுன்ற. பேஜாரு புடிச்ச போனு.”

சிரித்துவிட்டுப் போவார்கள். மறுநாளும் தூக்கி டயல் டோனைப் பார்த்து “போர்டு” என்பார்கள். இப்படி நடக்கிறது என்று நான் பத்மநாபனுக்கு ஒரு குறிப்பு எழுதினேன். ‘சீன்’, அதாவது பார்த்தாயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார். அந்தத் தாளையும் சிவப்புக் கோடு போட்ட டேட்டா ஷீட்டையும் என் ஃபைலில் வைத்துக்கொண்டேன்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலை பத்து மணி, டீ நேரம். பிக்ளிங் ஷெட்டில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். கம்பியின் துரு போக அதை அமிலத் தொட்டியில் முக்கி எடுக்கும் இடம் அது. ஒருவர் முனுசாமி அண்ணன், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவன் ஏசுபாதம், முப்பதுகூட ஆகவில்லை, எங்கள் ஆரம்பாக்கத்துப் பையன். குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போய் அமிலம் பீய்ச்சி ஏசுபாதம் முகத்தில் அடித்தது.

முனுசாமி அண்ணன் அவனை இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீர்க் குழாயடியில் தலையை அழுத்திப் பிடித்தார். கண்ணில் அமிலம் பட்டால் தண்ணீரை விடாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தவே கூடாது. அது அவருக்குத் தெரியும். குழாய்க்கு நாலடி தள்ளித் தூணில் போன் இருந்தது. ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டே எட்டி ரிசீவரைத் தூக்கி, “போர்டக்கா! ஆசிட்டுக்கா! கண்ணுல ஆசிட்டு!” என்று கத்தினார். டயல் டோன். மறுபடி கத்தினார். டயல் டோன் போய் ‘டொய்ங் டொய்ங்’ என்று வந்தது. படாரென்று வைத்தார். மறுபடி எடுத்தார், மறுபடி கத்தினார். மூன்று தடவை.

அந்த நேரம் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? கன்சோல் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். காதில் ஹெட்செட் மாட்டியிருந்தது. ஓர் அழைப்பும் இல்லை. ஒரு விளக்கும் எரியவில்லை. சும்மா இருக்கிறோமே என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த மனுஷன் என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறார், நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறேன். 

கடைசியில் அவர் ரிசீவரை அப்படியே தொங்கவிட்டு, ஏசுபாதத்தைக் குழாயடியில் விட்டுவிட்டு, முதலுதவி அறைக்கு ஓடினார். அது மெயின் கேட் பக்கம், அரை கிலோமீட்டர் இருக்கும். ஆட்களோடு வண்டியில் திரும்பி வரும்போது ஏசுபாதம் குழாயடியில் இல்லை. வலி தாங்காமல் கண்ணைப் பொத்திக்கொண்டு தட்டுத் தடுமாறி எங்கேயோ போய்ச் சுவரோரம் விழுந்து கிடந்தான். எத்தனை நிமிஷம் தண்ணீர் படாமல் கிடந்தானோ! வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் நிழல்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த அழைப்பு மட்டும் எனக்கு வந்திருந்தால் முனுசாமி அண்ணன் அந்த இடத்தைவிட்டு நகர்ந்திருக்கவே மாட்டார். நான் வண்டியை அனுப்பியிருப்பேன். அவர் ஊற்றிக்கொண்டே இருந்திருப்பார்.

பத்தாம் நாள் முனுசாமி அண்ணனுக்குக் குற்றப்பத்திரிகை கொடுத்தார்கள். அடிபட்டவனைத் தனியாக விட்டுவிட்டு ஓடினார், கையருகே போன் இருந்தும் தகவல் சொல்லவில்லை. வேலையைவிட்டு நீக்கக்கூடிய குற்றம். அவர் என் ஜன்னலுக்கு வந்து அந்தத் தாளை நீட்டினார். இங்கிலீஷில் இருந்ததை நான்தான் படித்துச் சொன்னேன்.

“நான் எடுத்தேன்க்கா. மூணு தபா எடுத்தேன். உன்னத்தான் கூப்ட்டேன். போனே எடுக்கலன்னு எழுதிக் கீறாங்களா?”

“ஆமாண்ணே.”

“வேல போனா போவுது. அந்தப் பையன அம்போன்னு உட்டுட்டு ஓடிட்டேன்னு ஊர்ல சொல்லுவாங்களேக்கா. அவங்க அம்மா மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?”

பத்மநாபன் வைத்திருந்த ஆதாரம் என் பிரிண்டரிலிருந்து போனது. அன்று காலை ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை பிக்ளிங் போனிலிருந்து ஓர் அழைப்பும் இல்லை. எப்படி இருக்கும்? நம்பர் அழுத்தினால்தான் அந்த மெஷின் அதை அழைப்பு என்று எழுதும். கத்தினால் எழுதாது. விசாரணைக்கு முந்தின நாள் அவர் என்னைக் கூப்பிட்டார். நான்தான் நிர்வாகத் தரப்புச் சாட்சி.

“கேக்கற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க சரோஜா. பிக்ளிங்லேருந்து கால் வந்துதா? வரல. லைன் வொர்க்கிங்கா? வொர்க்கிங். அவ்ளோதான். நீங்க பொய் சொல்லப் போறதில்லையே.”

பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னார். அந்தச் சாந்தத்தைப் பார்த்ததும்தான், என் வாயாலேயே அண்ணனை மாட்டிவிடப் போகிறார் என்று எனக்கு உறைத்தது. அன்று வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் ஏசி அறைக்குள் போய் மேனுவலை எடுத்து வைத்துக்கொண்டு தேடினேன். அழைப்புக் கணக்கு தவிர மெஷின் தன் சொந்தக் கோளாறுகளுக்கு என்று தனியாக ஒரு பதிவு வைத்திருக்கும். ஒரு போனைத் தூக்கி நம்பர் அழுத்தாமல் நேரமாகிவிட்டால், ரிசீவரைத் திரும்ப வைக்கும்வரை அந்த லைனைப் பூட்டிவிட்டு, எந்த லைன், எத்தனை மணி என்று அதில் எழுதிக்கொள்ளும். மாட்டிய இன்ஜினியரைத் தவிர யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. திறந்தேன். அந்தத் தேதி, பத்து மணி ஆறு நிமிஷத்திலிருந்து பிக்ளிங் லைனுக்கு நேராக வரிசையாக மூன்று வரி. மூன்றாவதில் ரிசீவரைத் திரும்ப வைத்ததாகவே இல்லை. தொங்கவிட்டுவிட்டு ஓடினாரே, அது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

விசாரணை நடத்த வெளியிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். முனுசாமி அண்ணன் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு எதிரில் நின்றார். பத்மநாபன் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

“பிக்ளிங்லேருந்து உங்களுக்கு கால் வந்துதாம்மா?” என்று வக்கீல் கேட்டார்.

“வரல சார். ஆனா போன எடுத்தாங்க.”

பத்மநாபன் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் சர்வீஸில் அதுதான் முதல் தடவை.

“அது எப்படிம்மா உங்களுக்குத் தெரியும்?”

சாப்பாட்டுப் பையிலிருந்து அந்தப் பதிவின் பிரிண்டை எடுத்து மேஜையில் வைத்தேன். அதன்மேல் சிவப்புக் கோடு போட்ட டேட்டா ஷீட்டை வைத்தேன். அதன்மேல் ‘சீன்’ என்று கையெழுத்துப் போட்ட குறிப்பை வைத்தேன். “மூணு தபா தூக்கிக் கூப்ட்டுக் கீறாரு சார். தூக்கினா எனக்கு வர்ற மாதிரி நான் எழுதிக் குடுத்தேன், சார் அடிச்சிட்டாரு. அவரு போனுக்கு அந்த வசதி இன்னிக்கும் கீது. வேணும்னா வாங்க, தூக்கிக் காட்டறேன், டீ வரும்” என்றேன். குரலை உயர்த்தாதே என்று சொல்லிக் கொடுத்தவர்கள் அன்று கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள்.

முனுசாமி அண்ணன்மேல் இருந்த குற்றச்சாட்டு தள்ளுபடியானது. பத்மநாபனுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. ஓய்வு பெறும்வரை அதே அறை, அதே பென்சில், தூக்கினால் டீ. ஷெட் போன்களுக்கு இப்போதாவது ஹாட்லைன் போடலாமா என்று கேட்டதற்கு, “கமிட்டி கன்சிடர் பண்ணும்” என்றார். எந்தக் கமிட்டியும் கூடவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். எட்டாம் நாள் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்து, பாஸ்வேர்டைப் போட்டு, பதினோரு போனுக்கும் ஹாட்லைன் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. நான் ஓய்வு பெறும்வரை ஆபீஸில் எவரும் கண்டுபிடிக்கவும் இல்லை.

முடித்துவிட்டுக் கன்சோலில் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பிக்ளிங் விளக்கு எரிந்தது.

“போர்டக்கா?” என்றார் முனுசாமி அண்ணன். “அட! இன்னாக்கா, நம்பரே போடல, வந்துட்ட! மேனேஜரு ஒத்துக்கினாரா?”

“இல்லண்ணே. அவருக்குத் தெரியாது. நானே போட்டேன்.”

“எவ்ளோ நேரம் புடிச்சிது?”

“அஞ்சு நிமிசம்.”

 அவருக்குப் பின்னால் கிரேன் ஓடும் ஓசை கேட்டது.

“பர்மிசன் கிர்மிசன் ஒண்ணியும் வேணாமா?”

“வேணாம். பாஸ்வேர்டு எங்கிட்டதான் கீது.”

“எப்போலேர்ந்துக்கா?”

“மெசினு வந்த நாள்லேர்ந்து.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம், நானும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் திட்டவில்லை.

“ஏசுபாதத்தாண்ட இத்த சொல்லிடாதக்கா” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

சொல்லவில்லை. ஆரம்பாக்கத்தில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அவன் வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு எதிரில் வருவான். நான் யாரிடமாவது பேசிக்கொண்டு நின்றால் போதும், குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவான். “போர்டக்கா, நல்லாக்கீறியா?” என்பான். நல்லாத்தான் கீறேன்பா என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிடுகிறேன்.